மலையகத்தின் எழுதா ஏடுகள்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச்சுவடியையும் நாடுதல் மரபு. இவை எவையும் தமக்கென இல்லாதாரின் வரலாற்றை அறியுமாறு எங்ஙனம்? இலங்கை மலையகத் தமிழரைப் பற்றி எண்ணுந்தோறும் எழும் வினா இதுவே.

இலங்கைப் புகையிரத நிலையங்களுள் மிக உயர்ந்தது நுவரெலியா மாவட்டத்துப் பட்டிப்பொல ஆகும். கடல் மட்டத்துக்கு மேல் 1,891 மீற்றர் உயரத்தில் அமைந்த அந்நிலையத்தின் வழியாக, நானுஓயாவையும் அப்புத்தளையையும் இணைக்கும் இருப்புப்பாதை 1893 ஆம் ஆண்டிற் சென்றது. மலையில் விளைந்த தேயிலை கொழும்புத் துறையை அடைய அப்பாதை பெரிதும் உதவிற்று. தேயிலையின் நிறையும் விலையும் தோட்டக் கணக்கில் ஏறின. அதனைக் கொய்தார் கதையோ ஏடேறவில்லை.

அக்கதை தேயிலைக்கும் முற்பட்டது. கோப்பித் தோட்டங்களுக்கெனத் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைப் பயிரே பின்னர் மலைகளை மூடிற்று. கோப்பிக்குப் பருவகாலத்தில் மட்டுமே மிகுதியான ஆட்கள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே, வந்து மீண்டவர் குடும்பமாய் லயங்களில் நிலைகொண்டனர்.

நிலைகொண்டோர் தம் வரலாற்றை வாய்மொழியிற் பேணினர். தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலைப் பாட்டும் கடல் கடந்த துயரையும் கங்காணியின் கடுமையையும் கூறின. மாசித் திங்களிற் காமன் கூத்தும், உரிய காலங்களிற் பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்பனவும் ஊரின் நினைவைத் தோட்டத்தில் வாழவைத்தன. விடியற்காலையில் ஆட்கள் கூடும் 'பெரட்டு' ஆங்கிலச் சொல்லின் திரிபேயாம். அச்சொல்லொன்றே தோட்ட ஆட்சியின் இயல்பை உணர்த்தும்.

உணவும் ஓர் ஏடே. 1942 இல் பர்மா யப்பானியர் கைப்பட, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அத்தட்டுப்பாட்டுக் காலத்திற் கோதுமை மாவின் வழக்கம் பெருகிற்று. தடித்த ரொட்டியும் சம்பலும் தேயிலைத் தண்ணீரும் இன்றும் லயத்துக் காலையுணவாக விளங்குகின்றன. அடுப்படியில் அதனை உண்டவாறு மூத்தோர் பேசும் பேச்சே இளையோர்க்கு முதல் வரலாற்றுப் பாடம்.

எனினும், வாய்மொழியைச் சட்டம் சான்றாகக் கொள்ளவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையோ பாட்டனோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டிற்று. பிறப்புப் பதிவில்லாதார் பல்லாயிரவர் நாடற்றோராயினர். 1964 ஆம் ஆண்டின் உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னரே ஆராயப்பட்டது. 2003 ஆம் ஆண்டுச் சட்டமே இவ்வல்லலை முடிக்க வழிகோலிற்று.

இவ்விடத்தில் சி. வி. வேலுப்பிள்ளையின் பணி விளங்கும். 1914 இல் தோட்டத்திற் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றஞ் சென்ற அவர், மறுதேர்தலில் தம் மக்கள் வாக்கிழந்து நிற்கக் கண்டவர். தோட்டங்களில் வழங்கிய பாடல்களைத் திரட்டி, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என 1983 இல் நூலாக்கினார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யும் தெளிவத்தை ஜோசப்பின் புனைகதைகளும் அம்மக்கள் வாழ்வை எழுத்தில் நிறுத்தின.

பாடுவோர் மறைந்தால் பாட்டும் மறையும். பாட்டியின் பேச்சைக் கேட்டுக் குறித்துவைக்கும் மாணவன் செய்வது பொழுதுபோக்கன்று. பதிவேடு மறுத்த ஒரு மக்களுக்குச் சான்று தேடித் தருதலேயாம்.