உங்க குடும்பப் பெயருக்குக் குலச்சின்னம் இருக்கா? காசு கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

குடும்பப் பெயரை டைப் செய்தால் போதும். சிங்கமும் கேடயமும் போட்ட 'உங்கள் குலச்சின்னத்தை' காபி கோப்பையில் அச்சடித்துத் தரும் இணையக் கடைகள் நிறைய இருக்கு. டிசோசா, ஃபெர்னாண்டஸ் என்று தேடினாலும் வரும். ஆனா, அது நிஜமாவே உங்க குடும்பத்தோடதா?

சின்னம் யாருக்குச் சொந்தம்?

12-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீரர்கள் கேடயத்தில் வரைந்துகொண்ட அடையாளம்தான் இதன் தொடக்கம். இங்கிலாந்தில் இதை வழங்குவது 1484-இல் உருவான 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்'. அங்கே சின்னம் பெயருக்கு இல்லை, ஆளுக்கு. அவருக்குப் பிறகு பொதுவாக ஆண்வழி வாரிசுகளுக்குப் போகும்.

ஓர் உதாரணம்?

ஷேக்ஸ்பியர். 1596-இல் அவருடைய அப்பா ஜானுக்குச் சின்னம் கிடைத்தது: தங்கநிறக் கேடயம், கறுப்புப் பட்டை, அதன்மேல் ஓர் ஈட்டி. ஆங்கிலத்தில் 'ஸ்பியர்' என்றால் ஈட்டி. ஆனால் அதே ஆண்டு, கவிஞரின் ஒரே மகன் ஹாம்னெட் 11 வயதில் இறந்துபோனான். சின்னத்தைச் சுமக்க மகன் இல்லை. பெயர் ஷேக்ஸ்பியர் என்பதற்காக மட்டும் இன்று யாரும் அதற்கு உரிமை கோர முடியாது.

அப்போ நம்ம ஊர் டிசோசாக்கள்?

போர்ச்சுகீசியர் ஆட்சியில் கோவாவில் மதம் மாறிய பலருக்கு, ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் அல்லது ஞானத்தந்தையின் குடும்பப் பெயரே சூட்டப்பட்டது. பெயர் வந்த வழி வேறு, ரத்தம் வந்த வழி வேறு. கோப்பை அழகா இருந்தா வாங்கிக்கோங்க. முன்னோர்களைத் தேடுகிறீர்கள் என்றால், பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்.