காலடிப் பாறையும் கிணற்று நீரும்

ஆனந்த குமாரசுவாமியை நாம் கலை விமர்சகராகவே நினைவுகூருகின்றோம். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குப் பணிப்பாளராகக் கடமையாற்றி, 1904 இல் தோரியனைற்று என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்த புவிச்சரிதவியலாளரும் அவரே. அவர் பயின்ற அத்துறையோ எமது மாணவர்களுக்கு இன்றும் அந்நியமானதாகவே இருந்து வருகின்றது.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகத் தொன்மையான பளிங்குருப் பாறைகளாலானது. புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாக யாழ். குடாநாடு வரையிலான கரையோரம் அத்தகையதன்று. அதன் அடியிலுள்ளது மயோசீன் காலத்தில் ஆழங்குறைந்த கடலிற் படிந்த சுண்ணாம்புக்கல்லாகும். மழைநீர் இக்கல்லைக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் உருவாக்குகின்றது. கீரிமலைக் கேணியின் ஊற்றும் புத்தூர் நிலாவரைக் கிணறும் இதன் விளைவுகளே.

வற்றாத ஆறு எதுவுமற்ற குடாநாட்டுக்கு இப்பாறையே நீர்த்தேக்கம். மாரி மழை கீழிறங்கி, பாரங்கூடிய உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்திலும் ஒரு மீற்றர் உயர்ந்திருப்பின், கடல் மட்டத்தின் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கும் என்பது விதி. எனவே, மேலே ஒரு மீற்றர் குறையுமாயின் கீழிருந்து உவர்நீர் அதனிலும் பன்மடங்கு மேலெழும். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இவ்வுண்மைக்குக் கண்கண்ட சான்றாகும்.

நீரை விரைவாக உள்வாங்கும் இப்பாறை மாசையும் அவ்வாறே உள்வாங்குகின்றது. தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இடப்படும் இரசாயன உரமும் கிணற்றுக்கு அண்மையில் அமைக்கப்படும் மலசலகூடக் குழிகளும் குடிநீரில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைக் குடாநாட்டுக் கிணறுகள் பல தாண்டியுள்ளமை ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது. புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம்.

குழாய்க்கிணற்றை எவ்வளவு ஆழத்துக்குத் துளைப்பது, எவ்வளவு நீரை இறைப்பது, கல்லை எங்கே அகழ்வது என்பன யாவும் பாறையை அறிந்து தீர்மானிக்கப்பட வேண்டியவை. அந்த அறிவைக் கொழும்பிலிருந்து வரும் நிபுணரிடம் மட்டும் எதிர்பார்த்திருக்க முடியாது. யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் ஆகிய மாவட்டங்களின் பாடசாலைகள் தத்தம் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் மாதந்தோறும் மாணவரைக் கொண்டு அளந்து பதிவு செய்யலாம். அதற்குப் பெருஞ்செலவு ஏற்படப் போவதில்லை. கல்வி அதிகாரிகள் இதனைக் கவனத்திற் கொள்வார்கள் என எதிர்பார்க்கின்றோம். உவர்நீர் ஒருமுறை ஏறிய கிணறு மீண்டும் நன்னீராவதற்கு நீண்டகாலம் காத்திருக்க வேண்டும்.