மாணவர் நாடகம் கைபேசித் திரையில்

பள்ளி ஆண்டு விழாவில் அரங்கேறும் நாடகத்திற்கு ஆயுள் ஓர் இரவுதான். இரண்டு மாதம் ஒத்திகை நடக்கும். தாயின் புடவை அரசியின் பட்டாடை ஆகும். அட்டையில் வெட்டிய வாள் தங்க முலாம் பூசிக்கொள்ளும். மறுநாள் காலையில் பந்தற்காரர் வந்து மேடையைப் பிரித்துவிடுவார். நாடகமும் நினைவாகிப் போகும்.

இன்று மாணவர் மேடை அவ்வாறு பிரிக்கப்படுவதில்லை. ஐந்து அல்லது பத்து நிமிடப் பகுதிகளாகக் கதையைப் படமாக்கி, வாரம் ஒன்றாக இணையத்தில் வெளியிடும் 'இணையத் தொடர்' கல்லூரி மாணவரின் புதிய அரங்கமாகியுள்ளது. 2005ஆம் ஆண்டில் யூடியூப் தொடங்கப்பட்ட பின்னர், திரையரங்கமும் தொலைக்காட்சி நிலையமும் இன்றியே ஒருவர் தம் கதையை உலகின் முன் வைக்கும் வழி பிறந்தது. படம்பிடிக்கும் கருவியோ மாணவரின் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

இது குறித்துப் பிள்ளைகள் உள்ளத்தில் ஆவலும், பெற்றோர் உள்ளத்தில் அச்சமும் ஒருங்கே எழுகின்றன. "படிப்பு என்னாகும்? ஊரார் என்ன சொல்வார்கள்?" என்று தாய் கலங்குகிறாள். "எனக்குள் இருப்பதைச் சொல்ல இதைவிட வேறு இடம் ஏது?" என்று மகன் கேட்கிறான். இரு கேள்விகளிலும் நியாயம் உண்டு. ஆதலின் ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொள்ளாமல், இக்கலையின் இயல்பைச் சற்று நின்று நோக்குவது குடும்பத்தார் அனைவர்க்கும் பயன் தரும்.

திருச்சபைக்குப் புதிதன்று

மாணவர் நாடகம் திருச்சபையின் கல்விக்கூடங்களில் நெடுங்காலம் போற்றப்பட்டு வந்துள்ளது. 1548ஆம் ஆண்டில் மெசீனா நகரில் இயேசு சபையார் தம் முதற் பள்ளிகளில் ஒன்றைத் தொடங்கினர். அதன் பின் ஐரோப்பா எங்கும் பரவிய அவர்தம் கல்லூரிகளில் நாடகம் கல்வியின் ஓர் அங்கமாகவே விளங்கியது. பிரெஞ்சு நாடக மேதைகளான கோர்னேயும் மோலியரும் இயேசு சபைப் பள்ளிகளில் பயின்றவர்களே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், தூரின் நகரின் ஏழைச் சிறுவர்களுக்குத் தந்தையாக விளங்கிய புனித தொன்போஸ்கோ, தம் இல்லத்தில் சிறு நாடக மேடை ஒன்றை அமைத்ததோடு, அதற்கெனத் தனி விதிகளையும் எழுதி வைத்தார். இளைஞரை மகிழ்விப்பதும், பண்படுத்துவதும், அறிவூட்டுவதுமே அம்மேடையின் நோக்கம் என வகுத்தார். கீழ்த்தரமான சொற்களுக்கு அங்கே இடமில்லை. மகிழ்வித்தலை அப்புனிதர் முதலாவதாக வைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது. சலிப்பூட்டும் அறிவுரையை இளைஞர் கேட்கமாட்டார் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றித் தனி ஏடு ஒன்றை வெளியிட்டது. 1967 முதல் ஆண்டுதோறும் உலக சமூகத் தொடர்பு நாள் கொண்டாடப்பட்டு வருகிறது. 2023ஆம் ஆண்டில், சமூக வலைத்தளங்களில் கிறிஸ்தவர் நடந்துகொள்ள வேண்டிய முறைபற்றி வத்திக்கான் மேய்ப்புப்பணிச் சிந்தனை ஏடு ஒன்றையும் வெளியிட்டுள்ளது. அஞ்சி ஒதுங்குவது நம் மரபன்று. ஆராய்ந்து அணுகுவதே நம் மரபு.

மெழுகுவர்த்தியை எரித்தவர்கள்

நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த இளம் பெண்கள் நால்வர் 2014ஆம் ஆண்டில் செய்த முயற்சியை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அவருள் இருவர் உடன்பிறந்த சகோதரியர். நால்வரும் ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபௌட் நத்திங்' என்னும் நாடகத்தை எடுத்து, அதன் பிரபுக்களையும் படைவீரரையும் இக்காலத்துப் பள்ளி மாணவராக மாற்றி, 'நத்திங் மச் டு டூ' என்ற பெயரில் இணையத் தொடராக வழங்கினர். தம் குழுவிற்கு 'தி கேண்டில் வேஸ்டர்ஸ்' என்று அந்நாடகத்திலிருந்தே ஒரு சொல்லைப் பெயராகச் சூட்டிக்கொண்டனர். இரவெல்லாம் விழித்து மெழுகுவர்த்தியைக் கரைப்போர் என்பது அதன் பொருள்.

அந்நாடகத்தின் நடுவே, குற்றமற்ற பெண்ணொருத்தி பொய்ப் பழிக்கு ஆளாகிப் பலர் முன்னிலையில் அவமானப்படுகிறாள். நானூறு ஆண்டுகட்கு முற்பட்ட அக்கதையைப் பள்ளி மாணவரிடையே நிகழ்வதாக மாற்றியபோது, அது பழங்கதையாகத் தோன்றவில்லை. வதந்தி ஒன்று வகுப்பறையிலிருந்து கைபேசிக்கும், கைபேசியிலிருந்து ஊருக்கும் பரவும் கொடுமையை இன்றைய பிள்ளைகள் நன்கறிவார்கள் அன்றோ? கதை மாந்தரே தம் அறையில் அமர்ந்து காமிராவை நோக்கிப் பேசுவதாகப் பெரும்பாலான காட்சிகள் அமைந்தமையால் செலவும் குறைந்தது. கையிலிருந்த வசதிக்கு ஏற்றவாறு கதை சொல்லும் முறையைத் தேர்ந்தது அவர்தம் அறிவுடைமை. பின்னர் இரசிகர்களின் நன்கொடையாலும், அதன்பின் அந்நாட்டு ஒலிபரப்பு நிதி அமைப்பின் உதவியாலும் அவர்கள் மேலும் சில தொடர்களைப் படைத்தனர்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோதே, தம் விடுதித் தோழர்களைக் கொண்டு சிறு தொடர் ஒன்றை எடுத்து இணையத்தில் வெளியிட்டவர் இசா ரே. தம் இனத்துப் பெண்களின் அன்றாட வாழ்வைத் தொலைக்காட்சி காட்டவில்லை என்ற மனக்குறையே அவரை இயக்கியது. 2011ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய மற்றொரு தொடர் பணமின்றி நடுவழியில் தவித்தபோது, பார்வையாளரே 56 ஆயிரம் டாலருக்கு மேல் திரட்டி அளித்தனர். 2016இல் அவர் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் தம் சொந்தத் தொடரைத் தொடங்கினார். அவருடைய தொடர்களின் மொழியும் காட்சிகளும் நம் இல்லங்கட்கு ஏற்றவை எனக் கூற இயலாது. எனினும், மாணவப் பருவத்தில் தொடங்கிய பயிற்சி, கைவிடாத உழைப்பு, தம் மக்களின் வாழ்வைத் தாமே சொல்ல வேண்டும் என்ற துணிவு ஆகியவை கற்கத்தக்கவை.

ஆக்கும் முறை

தொடர் எடுக்க விழையும் மாணவர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, "எந்தக் காமிரா வாங்கலாம்?" என்பதன்று, "நான் அறிந்த வாழ்வு எது?" என்பதே. விடுதிச் சமையலறை, முதல் தலைமுறைப் பட்டதாரியின் தேர்வு அச்சம், கடற்கரை ஊரில் தந்தை திரும்பும்வரை விழித்திருக்கும் வீடு ஆகியவை எல்லாம் கதைகளே. பெருநகரத் திரைப்படத்தைப் பார்த்து எழுதிய கொலைக் கதையைவிட, தன் தெருவைப் பார்த்து எழுதிய கதை உயிருடையதாக இருக்கும்.

அடுத்து, தொடர் முழுவதையும் எழுதி முடித்த பின்னரே படப்பிடிப்பைத் தொடங்க வேண்டும். முதற் பகுதியை எடுத்து வெளியிட்டுவிட்டு, இரண்டாம் பகுதியை எழுத அமர்வோர் தேர்வுக் காலம் வந்ததும் தொடரை அந்தரத்தில் விட்டுவிடுவர். ஆறு பகுதிகள் என முடிவு செய்தால், மூன்றையேனும் முற்றாக முடித்துக் கையில் வைத்துக்கொண்டு முதலாவதை வெளியிடுவது நன்று.

படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வர். பேச்சு கேட்காவிட்டால் பொறுக்கமாட்டார். ஆதலின் சிறு தொகை இருப்பின், அதைச் சட்டையில் பொருத்தும் ஒலிவாங்கிக்குச் செலவிடுவதே அறிவுடைமை. படம் பிடிக்கும்போது மின்விசிறியை நிறுத்துதல், சன்னலருகே முகத்தில் பக்கவாட்டில் வெளிச்சம் விழுமாறு நிற்றல், ஒரே நாளில் நடக்கும் காட்சிகளுக்கு ஒரே ஆடை அணிதல் என்பன காசு செலவில்லாத நுட்பங்கள். திரைப்படப் பாடல்களை எடுத்துச் சேர்ப்பது உரிமையாளரின் உடைமையைக் கேளாது எடுப்பதாகும். யூடியூப்பில் அத்தகைய இசையைத் தானே கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருப்பதால், காணொளி முடக்கப்படலாம். அன்றி அதன் வருவாய் உரிமையாளர்க்குச் செல்லலாம். இசை பயிலும் தோழன் ஒருவன் வாசித்த ஆர்மோனியம் அதனினும் மேல்.

பரப்பும் முறை

விளக்கை ஏற்றி மரக்காலுக்கு அடியில் வைப்பதில்லை என்பதை நற்செய்தி நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆகவே ஆக்கிய தொடரைப் பலர் காணச் செய்வது வீண் பெருமையன்று. வாரத்தில் ஒரு குறித்த நாளில், குறித்த நேரத்தில் வெளியிடுவது முதல் விதி. 2012 ஏப்ரல் முதல் 2013 மார்ச்சு வரை வந்த 'தி லிஸ்ஸி பென்னட் டயரீஸ்' என்னும் அமெரிக்க இணையத் தொடர், வாரம் இரண்டாக நூறு பகுதிகளை வழங்கி, 2013இல் எம்மி விருது பெற்றது. இடையறாத ஒழுங்கு அதன் வெற்றிக்கு ஒரு பெருங் காரணம்.

தலைப்பு கதையைச் சொல்ல வேண்டும். முகப்புப் படம் உண்மையான காட்சியாக இருக்க வேண்டும். முதல் அரை நிமிடத்திற்குள் கதை தொடங்கிவிட வேண்டும். உரையாடலை எழுத்தாகத் திரையின் அடியில் காட்டினால், செவித்திறன் அற்றோரும் தமிழறியாதோரும் பயன்பெறுவர். எல்லாரையும் அழைப்பதைவிட, கதை யாரைப் பற்றியதோ அவரை முதலில் அழைப்பது சிறந்தது. செவிலியர் பயிற்சி மாணவியரைப் பற்றிய தொடரை, முதலில் நூறு செவிலியர் பார்க்கட்டும். அது உண்மை எனக் கண்டால், அவர்களே ஆயிரம் பேருக்கு அனுப்பிவைப்பர்.

உண்மையை விற்றுப் புகழ் வாங்கலாமா?

இங்கேதான் மனச்சான்றின் கேள்வி எழுகிறது. 2006ஆம் ஆண்டில் 'லோன்லிகேர்ள்15' என்ற பெயரில், பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி தன் அறையிலிருந்து பேசும் காணொளிகள் வெளிவந்தன. இலட்சக்கணக்கானோர் அவளை உண்மைச் சிறுமி என நம்பினர், அவளுக்காகக் கவலைப்பட்டனர், ஆறுதல் எழுதினர். அதே ஆண்டு செப்டம்பரில், அவள் பத்தொன்பது வயது நடிகை என்பதும், எல்லாம் எழுதி எடுக்கப்பட்ட கதை என்பதும் வெளியாயின. தொடர் 2008 வரை நீடித்தது. பார்வையாளர் பலர் தொடர்ந்து பார்க்கவே செய்தனர். எனினும், அன்புடன் எழுதியவர்களுள் ஏமாற்றப்பட்டோம் என்று வருந்தியோரும் இருந்தனர்.

கதை பொய்யன்று. நம் ஆண்டவரே உவமைகளால் பேசினார். ஊதாரி மைந்தனின் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று எவரும் கேட்டதில்லை. கேட்போருக்கு அது கதை என்று தெரியும். கதையை நடந்த செய்தி என்று நம்பவைப்பதும், போலிக் கணக்குகளால் பாராட்டுகளைப் பெருக்குவதும், அழும் ஏழையைக் கேளாது படம்பிடித்து இரக்கத்தை விலைபேசுவதும் வேறு. செயற்கை அறிவினால் எவர் முகத்தையும் எவர் குரலையும் உருவாக்கக்கூடிய இந்நாளில், "இது கதை, இவர்கள் நடிகர்கள்" என்று சொல்லும் ஒரு வரி நேர்மையின் அடையாளமாகும்.

எண்ணிக்கை மற்றொரு சோதனை. நீள் காணொளிகளின் விளம்பர வருவாயில் பங்கு பெற, யூடியூப்பில் 1000 சந்தாதாரரும், ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். பெரும்பாலான மாணவத் தொடர்கள் இதை எட்டுவதில்லை. நள்ளிரவில் எழுந்து எண்ணிக்கையைப் பார்க்கும் இளைஞன், முன்பின் அறியாத ஒருவரின் ஏளனச் சொல்லைப் படித்துத் தன்னையே வெறுக்கத் தொடங்குவதுண்டு. அவ்வேளையில் அவனுக்கு வேண்டுவது அறிவுரையன்று, "நானும் பார்த்தேன், அந்த மூன்றாம் பகுதியில் நீ அழவைத்துவிட்டாய்" என்று சொல்லும் தந்தையின் குரல்.

2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட கார்லோ அகுத்திஸ், பதினைந்து வயதில் மறைந்தவர். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்ட அவர், கணினி விளையாட்டிற்கு வாரம் ஒரு மணி நேரம் மட்டுமே ஒதுக்கிக்கொண்டார் என்று கூறுவர். கருவியை ஆண்டாரேயன்றி, கருவியால் ஆளப்படவில்லை.

இல்லத்தார்க்கு ஒரு சொல்

பெற்றோரே, பிள்ளை தொடர் எடுக்கப் போவதாகக் கூறினால், உடனே மறுக்காதீர்கள். எழுதியதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தேர்வு நாட்களை முதலில் குறித்து, எஞ்சிய நாட்களில் படப்பிடிப்பை வைக்கச் சொல்லுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதோர் நடிப்பின், அவர்தம் பெற்றோரின் இசைவை எழுத்தில் பெறட்டும். பெண் பிள்ளைகளின் வீட்டு முகவரியும் கல்லூரிக்குச் செல்லும் வழியும் திரையில் தெரியாதவாறு காக்கட்டும். முடிந்தால் ஒரு காட்சியில் நீங்களும் நடியுங்கள். தாத்தா பாட்டி வேடத்திற்கு ஆள் கிடைப்பது என்றும் அரிதே.

பங்குத்தந்தையரும் இளைஞர் இயக்கத்தாரும் மறைக்கல்வி மண்டபத்தை ஒரு ஞாயிறு மாலை இவர்கட்குத் திறந்துவிடலாம். எடுத்த பகுதியை இணையத்தில் ஏற்றுமுன் பங்கு மக்கள் முப்பது பேர் கூடியிருந்து பார்க்கட்டும். எங்கே சிரித்தார்கள், எங்கே கொட்டாவி விட்டார்கள் என்பதை இளைஞர் நேரிற் காணட்டும். கைபேசி எண்ணிக்கை சொல்லாத பாடத்தை அந்த முப்பது முகங்கள் சொல்லும்.