அந்த மஞ்சள் படலத்தைத் துடைக்காதீர்கள்

பிறந்த சில நாட்களிலேயே பேரனுக்குச் சுன்னத் செய்தாகிவிட்டது. மூன்றாம் நாள் பார்த்தால் ஆண்குறி மொட்டின் மேல் மஞ்சளாக ஏதோ படர்ந்திருக்கிறது. சீழ் பிடித்துவிட்டதா? வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிடலாமா? "என் பிள்ளைகளுக்கு இப்படியெல்லாம் வரவில்லையே" என்ற கவலையோடு கேமரன் மலை கியா பார்மிலிருந்து ஒரு நன்னி (பாட்டி) கேட்டிருக்கிறார்.

துடைக்க வேண்டாம். அவர் பிள்ளைகளுக்கு வராததற்கும் காரணம் இருக்கிறது. மலேசியாவில் சுன்னத் பெரும்பாலும் பள்ளி விடுமுறையில், ஏழு வயதுக்கு மேல்தான் நடக்கும். அந்த வயதுக்குள் முன்தோல் பலருக்கு மொட்டிலிருந்து தானாகவே பிரிந்திருக்கும். பச்சைக் குழந்தைக்கோ இரண்டும் ஒரே மேல்தோலால் ஒட்டியிருக்கின்றன. முன்தோல் முழுதாகப் பின்னால் நகரும் நிலையில் பிறக்கும் ஆண் குழந்தைகள் நூற்றுக்கு 4 பேர்தான் என்று பிரிட்டிஷ் மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர் 1949இல் எழுதினார். ஆகவே கைக்குழந்தைக்குச் செய்யும்போது வெட்டுவதற்கு முன் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. கத்தி படாத மொட்டும் இதனால் மேல்தோலை இழந்து செக்கச்செவேலென்று நிற்கிறது. மஞ்சள் படர்வது அங்கேதான்.

அந்த மஞ்சள், ஃபைப்ரின் என்னும் புரத நார்களின் வலை. சிராய்த்த முழங்காலில் இதே வலை காய்ந்து பொருக்காகிறது. டயப்பருக்குள் ஈரம் வற்றாததால் மெத்தென்ற படலமாகவே இருந்துவிடுகிறது. இனி நடப்பதைக் கியா பார்ம்காரர்களுக்கு ஸ்ட்ராபெர்ரி பாத்தியை வைத்தே சொல்லலாம். புண்ணின் விளிம்பில் உள்ள மேல்தோல் செல்கள் தங்கள் பிடியைத் தளர்த்திக்கொண்டு, செடி ஓடுதண்டை நீட்டுவதுபோல வெற்றிடத்தை நோக்கி நகர்கின்றன. ஃபைப்ரின் வலைதான் அவற்றுக்கு ஈர மண். மண் ஈரமாயிருந்தால் ஓடுதண்டு மேலாகவே படர்ந்து அடுத்த அடியில் வேர்விடும். மண் காய்ந்து இறுகினால் அந்த ஓட்டுக்கு அடியில் துளைத்துக்கொண்டு போகவேண்டும்; செல்களும் பொருக்குக்குக் கீழே நொதிகளால் புரதத்தைக் கரைத்து வழி வெட்டியே முன்னேறுகின்றன. டாக்டர் தடவச் சொன்ன பெட்ரோலியம் ஜெல்லி, பாத்தியில் ஈரம் போகாமல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள். அது மருந்தல்ல, கிருமியைக் கொல்லாது. ஈரத்தைக் காத்து, டயப்பர் ஒட்டாமல் தடுக்கிறது. அந்த வேலைக்கு அதுவே போதும். பஞ்சால் தேய்த்தெடுப்பது வேர்விட்ட ஓடுதண்டைப் பிடுங்கி எறிவதற்குச் சமம். செடி மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

ஈரப் புண் சீக்கிரம் ஆறும் என்று ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர் பன்றிகளிடம் சோதித்துக் காட்டி, 1962இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பிளாஸ்டிக் தாளால் மூடிய புண்ணில் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மேல்தோல் படர்ந்தது.

ஆறுவதற்கு உதவுவது ஈரம்தான் என்பதால், 'லேசர் சுன்னத்', 'சீக்கிரம் ஆறும் கருவி' போன்ற விளம்பரங்களை நிதானமாகப் படிக்கவேண்டும். லேசர் என்று சொல்லப்படுவது பல இடங்களில் மின்சாரத்தில் சூடாகும் கருவிதான். மலேசிய மருத்துவர் ஒருவர் உருவாக்கிய தாரா கிளாம்ப் என்ற பிளாஸ்டிக் கருவி எளிமைக்குப் பேர்போனது. தென்னாப்பிரிக்காவில் இளைஞர்களிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஒப்பீட்டுச் சோதனையில், வழக்கமான அறுவை சிகிச்சையைவிட அதில்தான் சிக்கல்கள் அதிகம். செல்கள் நகரும் வேகத்தை விளம்பரம் கூட்டிவிடாது. கைக்குழந்தைக்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும்.

அதுவரை டயப்பர் மாற்றும்போதெல்லாம் வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றிக் கழுவி, ஒற்றியெடுத்து, ஜெல்லியைத் தாராளமாகத் தடவலாம். பவுடர், மஞ்சள்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருந்தால் ஜெல்லி பொதுவாகத் தேவைப்படாது. வளையம் தானாக விழும், இழுக்கக்கூடாது. கியா பார்ம் குளிரில் இன்னொரு கவனமும் வேண்டும். பச்சைக் குழந்தைக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. தோளிடையில் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தே உடம்பைக் காக்கிறது. ஆகவே மாற்றுத் துணி, ஜெல்லி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே போர்வையை விலக்கவேண்டும். தலையில் குல்லாய் இருக்கட்டும்.

சீழ் வேறு மாதிரி இருக்கும். நாற்றம் வரும், சிவப்பு தண்டின் அடிவரை பரவும், வீக்கம் நாளுக்கு நாள் கூடும். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ, 12 மணி நேரமாகியும் சிறுநீர் போகவில்லை என்றாலோ, வளையம் தண்டுப் பக்கம் நழுவினாலோ தாமதிக்காமல் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். டயப்பரில் ஓரிரு துளி இரத்தம் இயல்பு. சுத்தமான துணியால் பத்து நிமிடம் மெல்ல அழுத்தியும் நிற்காத இரத்தம் இயல்பல்ல. பிறந்தபோது வைட்டமின் கே ஊசி போட்டார்களா, குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் உண்டா என்ற இரண்டையும் சுன்னத்துக்கு முன்பே கேட்டுவைப்பது நல்லது. சனி, ஞாயிறுகளில் காய்கறிச் சந்தைக்கு வரும் கார்கள் கியா பார்ம் சாலையை அடைத்துவிடும். அந்த நாட்களில் இரத்தம் நிற்காவிட்டால், அழுத்திய கையை எடுக்காமலே வண்டியில் ஏறிவிடவேண்டும்.