விலை குறைந்த கார், குறையாத செலவு

பெரிய கார் வேண்டும் என்ற ஆசை பல வீடுகளில் ஆடம்பரத்தால் வருவதில்லை. இரண்டு பிள்ளைகள், தாத்தா, பாட்டி, மடக்கிய சக்கர நாற்காலி, பள்ளி விடுமுறைக்கு மலாக்கா, தைப்பூசத்துக்குப் பத்துமலை. இத்தனைக்கும் இடம் கொடுக்கும் புதிய கார் ஒன்றின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். அந்த நேரத்தில்தான் பழைய கார் விளம்பரம் ஒன்று கண்ணில் படுகிறது. ஏழு வயதான ஜெர்மானிய டீசல் எஸ்யுவி, தோல் இருக்கை, திறக்கும் கூரை. விலையோ புதிய சிறிய காரை விடக் குறைவு. “டீசல் செலவு கம்மி, எஞ்சின் கல்லு மாதிரி இருக்கும்” என்கிறார் விற்பவர்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.

எது மலிந்தது?

மற்ற நாடுகளில் கார் தேய்வதால் விலை குறைகிறது. இங்கே சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் தேய்வதாலும் விலை குறைகிறது. 1990ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த இந்தச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். ஏழு வயது காரை வாங்குபவர் மூன்று ஆண்டு உரிமையை வாங்குகிறார். அதனால்தான் விலை எட்டும் தூரத்துக்கு வருகிறது.

ஆனால் பட்டறைக்குப் போனால் இந்தத் தள்ளுபடி கிடையாது. ஔடி கியூ7, பிஎம்டபிள்யூ எக்ஸ்5, மெர்சிடிஸ் ஜிஎல்இ, வால்வோ எக்ஸ்சி90 போன்ற கார்களின் உதிரி பாகங்கள், புதிய காரை வாங்கக்கூடியவரின் பையை மனத்தில் வைத்து விலையிடப்பட்டவை. காரின் விலை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் அதன் டர்போவின் விலை அப்படிக் குறையாது.

டீசலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் கார்களைப் பதிவு செய்ய முடியாது. ஏற்கெனவே ஓடுபவை ஓடலாம். ஆனால் அவற்றின் எண்ணிக்கை இனிக் குறையத்தான் செய்யும். டீசல் எஞ்சினை நன்கு தெரிந்த பட்டறையைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு.

ஓர் ஆண்டுக் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். மூன்று லிட்டர் டீசல் எஸ்யுவி, 2023க்கு முன்பே பதிவானது. விலை 84,000 வெள்ளி, சிஓஇ மூன்று ஆண்டு மீதம். முதல் உரிமையாளர் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணம் 72,000 வெள்ளி என்றால், பத்தாண்டு முடிவதற்குள் பதிவை ரத்து செய்யும்போது அதில் பாதி, அதாவது 36,000 வெள்ளி, கழிவாகத் திரும்பக் கிடைக்கும். ஆக, மூன்று ஆண்டுகளில் கரைவது 48,000 வெள்ளி. ஆண்டுக்கு 16,000.

மூன்று லிட்டர் எஞ்சினுக்கான அடிப்படைச் சாலை வரி ஆண்டுக்குச் சுமார் 2,380 வெள்ளி. இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு அது 1,210 வெள்ளி அளவில்தான் வரும். வீவக வட்டாரத்தில் கூரையுள்ள நிறுத்துமிடத்துக்கு மாதம் 110 வெள்ளி வீதம் ஆண்டுக்கு 1,320. காப்புறுதிக்கு 2,500, வழக்கமான பராமரிப்புக்கு 3,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்து, டீசல் லிட்டர் 2.50 வெள்ளி என்றால் எரிபொருளுக்கு 3,750.

எல்லாம் சேர்த்தால் 28,950 வெள்ளி. மாதத்துக்கு ஏறக்குறைய 2,400. இதில் இஆர்பி இல்லை, தேக்காவில் வண்டி நிறுத்தும் காசு இல்லை, டீசல் கார்களுக்கே உரிய சிறப்பு வரியும் இல்லை.

டீசல் சிக்கனம் என்று பேசுகிறோமே, அந்த எரிபொருள் இந்த மொத்தச் செலவில் எட்டில் ஒரு பங்குதான். இதே அளவு பெட்ரோல் எஸ்யுவி லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்து, பெட்ரோல் 2.90 வெள்ளி என்றால், டீசலால் மிச்சமாவது ஆண்டுக்குச் சுமார் 2,400 வெள்ளி. அதிலும் சிறப்பு வரி ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும். 2017இல் டீசலுக்கு லிட்டருக்குப் பத்து காசு வரி வந்தது, 2019இல் அது இருபது காசானது. ஒவ்வொரு முறையும் சிறப்பு வரி 100 வெள்ளி குறைக்கப்பட்டாலும் அது முற்றாக நீங்கவில்லை.

தேக்காவுக்குப் போகும் டீசல்

டீசல் எஞ்சின் நெடுந்தூரத்துக்குப் பிறந்தது. நவீன டீசல் காரின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. பட்டறைக்காரர்கள் அதை டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை அது தானே எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் புகையின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர வேண்டும். கார் நிற்காமல் சீரான வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடமாவது ஓடினால்தான் அந்த வேலை ஒழுங்காக முடியும்.

நம் ஓட்டம் அப்படியா இருக்கிறது? காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மாலையில் துணைப்பாட வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தை, சிராங்கூன் சாலையில் ஊர்ந்து போய் பஃபலோ சாலையில் இடம் தேடிச் சுற்றுவது. எஞ்சின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. கரி சேர்ந்துகொண்டே போகும். எரிப்பு பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் எஞ்சின் எண்ணெயில் கலக்கவும் வாய்ப்புண்டு. முதலில் எச்சரிக்கை விளக்கு, பிறகு வேகம் குறைதல், கடைசியில் வடிகட்டியையே மாற்ற வேண்டிய நிலை. அது பல ஆயிரம் வெள்ளி வேலை. இரண்டு மூன்று ஆண்டுகள் டீசலில் மிச்சம் பிடித்தது ஒரே ரசீதில் போய்விடும்.

வடிகட்டியைக் கழற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அனுமதியின்றிப் புகைக்குழாய் அமைப்பை மாற்றுவது குற்றம்.

புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் அமைப்பும் கரியால் அடைபடும். 2018இல் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தபோது, இந்த அமைப்பின் குளிர்விப்பானில் ஏற்பட்ட கசிவுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் நிறுவனம் உலகெங்கும் 1.6 மில்லியன் கார்களைத் திரும்ப அழைத்தது. எனவே எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும், அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து, மீட்புப் பணி ஏதேனும் பாக்கி இருக்கிறதா என்று அதிகாரபூர்வ முகவரிடம் கேட்டுவிடுங்கள்.

சொகுசுக் காருக்கே உரிய இன்னொரு செலவு காற்று மெத்தைத் தொங்கல் அமைப்பு. ரப்பர் பைகள் வெப்பத்திலும் வயதிலும் வெடிப்பு விடும். இரவு சமமாக நின்ற கார் காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதுதான் அறிகுறி.

வாங்குவதற்கு முன்

காரை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கச் செல்லுங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். பராமரிப்புப் பதிவேட்டில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். கணினியை இணைத்து வடிகட்டியில் சேர்ந்துள்ள கரியின் அளவைக் காட்டச் சொல்லுங்கள். விக்கம், எஸ்டிஏ போன்ற நிலையங்களில் கட்டணம் செலுத்தி முழுச் சோதனை செய்துகொள்ளலாம். விற்பவர் அதற்குத் தயங்கினால் வேறு கார் பாருங்கள்.

யாரிடம் வாங்குகிறோம் என்பதும் முக்கியம். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள ‘லெமன் சட்டம்’ பழைய கார்களுக்கும் பொருந்தும். வணிகரிடம் வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். காரின் வயதும் விலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

பத்தாண்டு முடிந்த பிறகும் ஓட்டலாமே என்று நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். சிஓஇயைப் புதுப்பித்தால் அந்த 36,000 வெள்ளிக் கழிவு கைவிட்டுப் போகும். சாலை வரியும் முதலில் 10 விழுக்காடு, பிறகு படிப்படியாக 50 விழுக்காடுவரை கூடும்.

வீடா, வண்டியா?

இளம் தம்பதியருக்கு இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேற்பட்ட காருக்கு விலையில் 60 விழுக்காடுவரைதான் கடன் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் கையிலிருந்து 33,600 வெள்ளி போக வேண்டும். மீதி 50,400ஐ மூன்று ஆண்டுகளில் அடைக்க, வட்டி இல்லாமலே மாதம் 1,400 வெள்ளி. வங்கியில் வீட்டுக் கடன் கேட்கும்போது எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கார் தவணையும் அதில் சேரும். கல்விக் கடனும் இருந்தால், கிடைக்கும் வீட்டுக் கடன் சுருங்கிவிடலாம்.

அப்படியானால் டீசல் எஸ்யுவி யாருக்குப் பொருந்தும்? துவாசிலிருந்து சாங்கிக்குத் தினமும் விரைவுச்சாலையில் ஓடுபவருக்கு, மாதம் இருமுறையாவது ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போய்வரும் குடும்பத்துக்கு. அவர்களும்கூட வாங்கும் விலைக்கு மேல் பத்தாயிரம் வெள்ளியைப் பழுதுக்கென்று தனியே எடுத்து வைத்துவிட்டு வாங்கட்டும். அந்தப் பத்தாயிரம் இல்லாவிட்டால், விளம்பரத்தில் எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும், அந்தக் கார் நமக்கு விலை அதிகம்தான்.