மியூசியத்தில் பாடம் தேடிய டீச்சர்!

வரலாறு பீரியடு என்றாலே மாணவர்களுக்கு கொட்டாவி வரும்.

"ராஜா பேரு, சண்டை நடந்த வருஷம்... மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுட்டு மறந்துடுவாங்க. 20 வருஷமா இதே கதைதான் தம்பி" என்கிறார், வடசென்னையில் அரசு பள்ளி ஒன்றின் சமூக அறிவியல் ஆசிரியை.

கோடை விடுமுறையில் சிங்கப்பூரில் உள்ள மகள் வீட்டுக்குப் போனார். மற்றவர்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். இவரோ நோட்டும் பேனாவுமாக ஆற்றங்கரையில் உள்ள ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார். வெள்ளைக்காரர் காலத்து அரசு அலுவலக கட்டடம் அது.

ஆணி அடிக்காத கப்பல்

முதலில் அவரை நிறுத்தியது கிண்ணங்கள். 1998-ம் ஆண்டு இந்தோனேசியாவின் பெலித்துங் தீவு அருகே கடலடியில் ஒரு கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. சீனத்து சரக்குடன் 9-ம் நூற்றாண்டில் மூழ்கிய அரபு பாணி கப்பல். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருந்தார்கள். உள்ளே சுமார் 60 ஆயிரம் பாத்திரங்கள்! பெரிய ஜாடிகளுக்குள் கிண்ணங்களை அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826-க்கு உரிய சீன தேதி இருக்கிறது.

"ஒரு கிண்ணத்தை காட்டினா போதும். சீனா, அரபு நாடு, கடல் வியாபாரம் எல்லாம் பாடத்துல வந்துடும்" என்று குறித்துக் கொண்டார்.

திரும்பி வந்த உமா

அங்கு இப்போது இல்லாத ஒரு சிலையும் அவர் நினைவுக்கு வந்தது. சோழர் கால உமா பரமேஸ்வரி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலில் திருடு போன சிலை.

பூட்டிக்கிடந்த கோயில் அது. 2008-ல் உள்ளே போய் பார்த்தபோதுதான் 8 சிலைகள் மாயமானது தெரிந்தது. ஆனால் 2007-லேயே நியூயார்க் சிலை வியாபாரி சுபாஷ் கபூர் கடையில் 6½ லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து உமாவை இந்த அருங்காட்சியகம் வாங்கியிருந்தது. 2011-ல் கபூர் ஜெர்மனியில் பிடிபட்டார். 2015-ல் சிலையை இந்தியாவுக்கு திருப்பித் தர அருங்காட்சியகம் சம்மதித்தது.

ஸ்ரீபுரந்தான் சிலைகளை அடையாளம் காட்டியது எது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய போட்டோக்கள்!

"அந்த போட்டோ இல்லேன்னா நம்ம சாமிதான்னு எப்படி நிரூபிக்கிறது? எழுதி வைக்கிற பழக்கம் பிள்ளைங்களுக்கு வரணும்" என்கிறார் டீச்சர்.

பெஞ்சு மேல் கண்காட்சி

பள்ளி திறந்ததும் ஒரு உத்தரவு போட்டார். வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றை கொண்டு வர வேண்டும். கூடவே ஒரு சீட்டு. என்ன பொருள், யாருடையது, எப்படி வந்தது, உயரம் எவ்வளவு, எங்கே கீறல் என்று எழுத வேண்டும்.

உழக்கு வந்தது. வெற்றிலைப்பெட்டி வந்தது. மீன் தூண்டில் முள் கூட வந்தது.

ஒரு பையன் மட்டும் வெறும் சீட்டை நீட்டினான். 'ஆயாவின் பித்தளை குடம். அப்பா ஆஸ்பத்திரி செலவுக்கு விற்றது. வாய் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். கழுத்தில் ஆயா பெயர் வெட்டியிருக்கும்.'

"இப்படி எழுதி வச்சா, எங்கேயாவது பார்த்தா எங்க குடம்னு சொல்லிடலாம்ல டீச்சர்?" என்று கேட்டானாம்.

அந்த சீட்டும் இப்போது பெஞ்சு மேல் இருக்கிறது. பக்கத்தில் ஒரு குடம் வைக்கும் அளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார் டீச்சர்.