1,50,000 ரூபாய் எக்ஸெல்லில் மூணா உடைவது ஏன்?

சம்பளப் பட்டியலை சிஎஸ்வி ஃபைலாக டவுன்லோடு செய்து திறக்கிறீர்கள். 1,50,000 ரூபாய் என்ற தொகை 1, 50, 0 என மூன்று கட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. கவனிக்காமல் அனுப்பினால் ஒருவரின் சம்பளமே 1 ரூபாய் ஆகிவிடும்! என்ன காரணம்?

சிஎஸ்வி வெறும் எழுத்துகளால் ஆன ஃபைல். ஒரு தகவல் எங்கே முடிகிறது எனக் காட்டுவது பிரிப்புக்குறி; பெரும்பாலும் கமா. தொகைக்குள்ளும் கமா இருந்தால் அங்கேயும் வெட்டு விழும்.

என்ன செய்யலாம்?

* மேற்கோள்: கமா உள்ள தகவலை "1,50,000" என இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும் என்கிறது, 2005-ல் வெளியான ஆர்எஃப்சி 4180 ஆவணம்.

* செமிகோலன்: ஜெர்மனியில் தசமப் புள்ளிக்குப் பதில் கமாதான். அதனால் அங்குள்ள எக்ஸெல் செமிகோலனை எதிர்பார்க்கும். நம்மூர் செட்டிங்கில் திறந்தால் எல்லாம் ஒரே கட்டத்தில் அடைந்துவிடும்.

* டேப்: பெயர், முகவரி, தொகை எதிலும் டேப் வருவது அரிது. ரிஸ்க் குறைவு.

செமிகோலன் ஃபைல் வந்தால் டபுள் கிளிக் வேண்டாம். 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகத் திறந்து, பிரிப்புக்குறியை நீங்களே தேர்வு செய்யலாம். ஆனால், மேற்கோள் இல்லாமல் வந்த 1,50,000-ஐ இது காப்பாற்றாது. அனுப்பியவரிடம் மறுபடி கேட்டு வாங்குவதே நல்லது.